கல்லச்சிலிருந்து மின்திரைக்கு: அரபுத்தமிழ் நூல்கள் கடந்த வழி

மின்னணு வாசிப்புக் கருவி அச்சு நூலை ஒழித்துவிடுமா என்னும் வினா இன்று கல்லூரி ஆசிரியர் அறைகளிலும் நூல் வெளியீட்டு அரங்குகளிலும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. ஒரு சாரார் காகிதத்தின் மணத்தையும் நூலட்டையின் தொடுஉணர்வையும் சொல்லி நெகிழ்கின்றனர். மறு சாரார் உள்ளங்கை அகலக் கருவி ஒன்றில் ஒரு நூலகமே அடங்கிவிடுவதைச் சொல்லி வியக்கின்றனர். இவ்விரு சாராரும் தம்மையறியாமல் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றனர். நூல் என்பது ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குத் தானாகவே வந்து சேர்ந்துவிடும் என்பதே அக்கருத்து. வரலாறு அவ்வாறு கூறவில்லை. கையெழுத்துப் பிரதியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து திரைக்கும் கடக்கும்போதெல்லாம் சில நூல்கள் அக்கரை சேர்ந்தன. சில இக்கரையிலேயே நின்றுவிட்டன. எவை சேர்ந்தன, எவை நின்றன என்பதை நூலின் தகுதி முடிவு செய்ததில்லை. எழுத்தின் அமைப்பும், உட்கார்ந்து படியெடுக்க முன்வந்தோரின் உழைப்புமே முடிவு செய்தன. தமிழ் முஸ்லிம்கள் அரபு லிபியில் எழுதிவைத்த தமிழ் நூல்கள், அதாவது அரபுத்தமிழ் நூல்கள், இதற்கு நம் வீட்டுப் பரண்களிலேயே கிடக்கும் சான்றுகளாகும்.

முஸ்லிம் உலகம் அச்சைக் கண்டு அஞ்சியது என்பது பலரும் சொல்லிப் பழகிய கூற்று. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1485-இல் அச்சுத் தொழிலைத் தடை செய்தார் என்று நூலுக்கு நூல் எழுதப்பட்டு வந்தது. அத்தகைய ஆணையின் மூலப்படி எதுவும் கிடைக்கவில்லை என்பதை அண்மைக்கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அச்சுக்கான தயக்கத்திற்கு வேறொரு காரணம் இருந்தது. அது மிக எளியது. அரபு எழுத்து, சொல்லின் முதலில் ஒரு வடிவும் இடையில் ஒரு வடிவும் கடையில் ஒரு வடிவும் கொள்வது. ஒன்றோடொன்று கைகோத்து நிற்பது. ஈய அச்செழுத்தோ தனித்தனியே வார்க்கப்படுவது. வெனிஸ் நகரில் 1537–38-இல் பகனீனி என்பார் குர்ஆனை ஈய எழுத்தில் அச்சிட்டனர். பன்னெடுங்காலம் தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அப்பதிப்பின் பிரதியொன்று 1987-இல் அதே நகரின் துறவியர் மடத்து நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதில் தாலுக்கும் தஹ்லுக்கும் உள்ள புள்ளி வேறுபாடுகூடச் சரியாகக் காட்டப்படவில்லை. ஒரு புள்ளி மாறினால் பொருள் மாறும் மொழியில் இத்தகைய பிரதியை எந்த முஸ்லிம் விலைகொடுத்து வாங்குவார்? வணிகம் படுத்துவிட்டது.

பின்னர் இஸ்தான்பூலில் இப்ராஹீம் முத்தஃபர்ரிகா 1727-இல் சுல்தானின் இசைவும் ஷைகுல் இஸ்லாமின் ஃபத்வாவும் பெற்று அச்சகம் நிறுவினார். 1729-இல் வெளிவந்த அதன் முதல் நூல் ஓர் அகராதி. சமய நூல்கள் அவ்வனுமதியில் விலக்கப்பட்டிருந்தன. எகிப்தின் பூலாக் அச்சகம் 1820களில் இயங்கத் தொடங்கிய பின்னரே அரபு நூல்கள் பேரளவில் ஈய எழுத்தில் வெளிவரலாயின. 

இந்தியத் துணைக்கண்டத்தில் வழி வேறாக அமைந்தது. ஜெர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் ஸெனஃபெல்டர் என்பவர் 1796-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்த கல்லச்சுமுறை இங்கே நம் ஆலிம்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் செயல்முறையை இன்றைய மாணவர் அறிந்திருப்பது நன்று. காத்திப், அதாவது எழுத்தர், கொழுப்புக் கலந்த மையினால் பசை பூசிய தாளில் வழக்கம்போல் எழுதுவார். அத்தாளை மெருகிட்ட சுண்ணக்கல்லின்மீது கவிழ்த்து அழுத்தினால் எழுத்துக் கல்லில் இடம்வலமாக ஏறிவிடும். பின் கல்லை நீரால் நனைத்து, மை உருளையை உருட்டுவர். நீர் ஏறிய இடம் மையைத் தள்ளும். கொழுப்பு ஏறிய எழுத்து மையைக் கொள்ளும். அதன்மேல் தாளை இட்டு அழுத்தினால் காத்திபின் கையெழுத்து அப்படியே, புள்ளி பிசகாமல், நூற்றுக்கணக்கான படிகளாகப் பெருகும். எழுத்தை உடைக்கவேண்டியதில்லை, அச்செழுத்து வார்க்கவேண்டியதில்லை. லக்னோவிலும் கான்பூரிலும் பம்பாயிலும் கல்லச்சகங்கள் பெருகின. முன்ஷி நவல் கிஷோர் என்னும் இந்துப் பெருமகன் 1858-இல் லக்னோவில் தொடங்கிய அச்சகம் குர்ஆன் பிரதிகளையும் அரபு, பாரசீக நூல்களையும் கல்லச்சில் பதிப்பித்து உலகெங்கும் அனுப்பியது. நம் மத்ரஸாக்களில் இன்றும் புழங்கும் பாடநூல்களில் பல, அக்காலக் கல்லச்சுப் பக்கங்களின் நிழற்படப் பதிப்புகளே.

தமிழகத்துக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களின் எழுத்துச் செல்வம் இரு தடங்களில் அச்சேறியது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் தமிழ் எழுத்தில் அமைந்த காப்பியம். அதை ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் ஏடுகளை ஒப்புநோக்கி 1842-இல் அச்சிட்டு வெளியிட்டார். இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் 1835-இல் நீங்கி ஏழாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. புலவர்களின் காப்பியங்களும் மாலைகளும் இவ்வாறு ஈய எழுத்துக்குச் சென்றன. தொழுகைச் சட்டம், அகீதா, மருத்துவம், பெண்களுக்கான அறிவுரை என அன்றாட வாழ்வுக்கு வேண்டிய நூல்களோ பெரும்பாலும் அரபுத்தமிழில் இருந்தன. அவற்றைக் கல்லே தாங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) (1816–1898) எழுதிய மகானி, ஃபத்ஹுத் தய்யான் ஆகியவை இத்தடத்தின் பெயர்பெற்ற நூல்கள்.

அரபுத்தமிழ் கல்லையே நாடியதற்குக் காரணம் வெளிப்படை. அரபு மொழியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். ஃபாவின் அடியில் ஒரு புள்ளி இட்டால் அது பகரம் ஆகும். இவ்வாறே டகரத்திற்கும் ணகரத்திற்கும் ழகரத்திற்கும் எகர ஒகரங்களுக்கும் தனிக்குறிகள் உண்டு. இவற்றுக்கென ஈய எழுத்து வார்ப்பது பெருஞ்செலவு. காத்திபின் நாணல் எழுதுகோலுக்கோ ஒரு புள்ளியைக் கூடுதலாக இடுவதில் செலவேதும் இல்லை. பெரிய அச்சகம் ஏற்க மறுத்ததைச் சிறிய கல் ஏற்றுக்கொண்டது.

கொங்கு நாட்டில் இந்நூல்களைப் பற்றிப் பேசும்போது சிலர் வியக்கக்கூடும். அரபுத்தமிழ் என்றால் காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் எனக் கடற்கரை ஊர்களே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் பள்ளப்பட்டி, தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்து ராவுத்தர் குடும்பங்களிலும் இந்நூல்கள் இருந்தன. கோவைக் கோட்டைமேட்டிலும் அதைச் சுற்றியும் தமிழ் பேசுவோரும் தக்கணி உருது பேசுவோரும் அடுத்தடுத்த வீதிகளில் வாழ்ந்தனர். உருது வீட்டுப் பிள்ளைக்கு உருதுக் கல்லச்சு நூல். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல். இரண்டும் லிபியால் உறவினர். பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்துப் பயிலாத பெண்கள் பலர், ஓதுவதற்காகக் கற்ற அரபு எழுத்தைக் கொண்டே தமிழ் நூலை வாசித்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கணக்கெடுப்போர் அவர்களை எழுத்தறிவற்றோர் பட்டியலில் எழுதிச் சென்றனர்!

பெண்களும் பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்தை நன்கு பயின்றபின் அரபுத்தமிழின் தேவை குறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் புதிய நூல்கள் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தன. இது வருந்தத்தக்கதன்று, அறிவு பரவிய வழி அது. ஆனால் பழைய நூல்களுள் தமிழ் எழுத்துக்கு மாற்றப்பட்டவை சிலவே. மற்றவை கல்லச்சோடு நின்றன. கல்லச்சுக் காகிதம் மலிவானது. நூறாண்டு கடந்ததும் மடித்த இடத்தில் முறிகிறது. பூச்சியைத் தடுக்க அக்காலக் கையெழுத்துப் பிரதிகளின் முதல் ஏட்டில் "யா கபீகஜ்" என்று எழுதிவைக்கும் வழக்கம் முஸ்லிம் நாடுகளில் இருந்தது. நம் கொங்குச் சீமைக் கரையான்களுக்கு அச்சொல் எட்டவில்லை போலும்.

இனி மின்னணுக் கருவிக்கு வருவோம். அமேசான் நிறுவனத்தின் கிண்டில் 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் திரை கைபேசித் திரை போன்றதன்று. நுண்ணிய உறைகளுக்குள் வெண்துகளும் கருந்துகளும் மிதக்கின்றன. மின்புலத்திற்கேற்ப அவற்றுள் ஒன்று மேலே வருகிறது. ஒருமுறை அமைந்த பக்கம் மின்சாரம் இன்றியே நிற்கும். காகிதத்தைப் போல வெளியொளியில் வாசிக்கலாம். கண்ணுக்கு இதம் என்னும் வகையில் அச்சு நூலுக்கு மிக அருகில் வந்த கருவி இதுவே. ஐம்பதைக் கடந்த என் போன்றோருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி ஓர் அருட்கொடை என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் இக்கருவி தமிழ் நூல்களை முறையாக ஏற்றது 2016 இறுதியில். அரபு நூல்களை ஏற்றது 2018-இல். எழுத்தின் அமைப்பே மீண்டும் வாயிற்காப்போனாக நின்றது.

அவ்வாயிலைத் திறந்த முயற்சிகளுள் ஒன்று நம் கோவையிலேயே நடந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனோடு இணைந்து தமிழ் இணைய மாநாடும் இங்கு கூடின. ஊர்வலத்தையும் பந்தலையும் பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். அதையொட்டி யூனிகோடு முறையையும் அதனோடு அனைத்தெழுத்துக் குறியேற்றமாகிய டேஸ்-16 முறையையும் தமிழக அரசு தரமாக ஏற்றுக்கொண்டதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. அதற்குமுன் ஒருவர் தட்டச்சிட்ட தமிழ் மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிய காலமிருந்தது. அக்குழப்பத்திற்கிடையிலும் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் தட்டச்சிட்ட தமிழ் நூல்களை உலகுக்கு இலவசமாக அளித்தது. சீறாப்புராணம் அதில் உண்டு. 1842-இல் ஈய எழுத்துக்குக் கடந்த நூல் எளிதாகத் திரைக்கும் கடந்துவிட்டது.

அரபு மொழி நூல்களின் நிலை இன்னும் சிறப்பானது. 1990களில் ஸக்ர் நிறுவனம் ஒன்பது ஹதீஸ் தொகுப்புகளைக் குறுந்தகட்டில் அளித்தபோது ஆசிரியர்கள் மலைத்துப் போயினர். அதன்பின் வந்த அல்மக்தபா அஷ்ஷாமிலா பல்லாயிரம் நூல்களை இலவசமாகவே அளிக்கிறது. நூலின் பக்க எண் அச்சுப் பதிப்போடு ஒத்திருந்தால் அதையும் அது குறிப்பிட்டுக் காட்டுகிறது. ஆய்வாளனுக்கு இது சிறு செய்தியன்று. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கலைந்துவிடும் கருவியில் மேற்கோளின் இடத்தை எவ்வாறு சுட்டுவது?

பக்கம் கலைவதால் வரும் இழப்பை மத்ரஸாவில் பயின்றோர் நன்கு உணர்வர். நம் ஹிதாயா, ஷரஹ் விகாயா கல்லச்சுப் பதிப்புகளில் மத்ன் நடுவில் நிற்கும். அதைச் சுற்றி நாற்புறமும் ஹாஷியா, சில இடங்களில் சாய்வாக, ஓடும். வரிகளுக்கிடையே சிறு எழுத்தில் "இந்தப் பிரதிப்பெயர் இதைச் சுட்டுகிறது" என்பன போன்ற குறிப்புகள் இருக்கும். ஆசிரியர் மத்னை வாசிக்கும்போதே மாணவனின் கண் ஓரத்திற்குச் சென்று மௌலானா அப்துல் ஹை லக்னவி (ரஹ்) அவர்களின் கருத்தைக் கண்டு திரும்பும். பல நூற்றாண்டு அறிஞர்கள் ஒரே பக்கத்தில் அமர்ந்து உரையாடும் அவை அது. எழுத்தை ஒழுகவிடும் மின்நூலில் அந்த அவை கலைந்து, உரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்தப்படுகின்றன. பக்கத்தை நிழற்படமாகவே வைத்தால் ஆறு அங்குலத் திரையில் ஹாஷியா எறும்பு வரிசையாகிவிடுகிறது.

குர்ஆன் மனனத்தில் இது மேலும் தெளிவு. 604 பக்கங்களும் பக்கத்திற்குப் 15 வரிகளும் கொண்ட மதீனா முஸ்ஹஃபில் மனனம் செய்தவர், வசனத்தை மட்டுமன்று, அது பக்கத்தில் நிற்கும் இடத்தையும் மனத்தில் கொண்டிருப்பார். ஆகவே ஹாஃபிழ்களுக்கான கைபேசிச் செயலிகள் எழுத்தை ஒழுகவிடுவதில்லை. காத்திபின் பக்கத்தை மாறாமல் காட்டுகின்றன. கல்லச்சு செய்த அதே பணியைத் திரை மீண்டும் செய்கிறது. புதுமை எங்கே வெற்றி பெற்றதென்று பார்த்தால், அது பழைய பக்கத்திற்குப் பணிந்த இடத்தில்தான்.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு; அதைப் பற்றி நம்மவர் பேசுவது குறைவு. அது வக்ஃபு பற்றியது. ஹனஃபி மத்ஹபில் வக்ஃபு அடிப்படையில் நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்துக்குரியது. அசையும் பொருளில் மக்களிடையே வழக்கம் நிலவுமானால் செல்லும் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. கோடரி, ரம்பம், ஜனாஸாப் பெட்டி, சமையல் பாத்திரம், முஸ்ஹஃப் ஆகியன ஹிதாயாவில் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றன. நுஸைர் இப்னு யஹ்யா என்னும் அறிஞர் முஸ்ஹஃபோடு ஒப்பிட்டுத் தம் நூல்களை வக்ஃபு செய்தார் என்ற செய்தியும் அங்கேயே உள்ளது. இச்சிறு வாசகத்தின்மீதே நம் பள்ளிவாசல் நூலகங்கள் நிற்கின்றன எனலாம். கொங்கு வட்டாரத்துப் பழைய நூலின் முதல் ஏட்டைப் புரட்டினால், இன்னார் தம் பெற்றோரின் நன்மைக்காக இன்ன மத்ரஸாவிற்கு வக்ஃபு செய்தது என்னும் எழுத்தைக் காணலாம்.

விலைகொடுத்து வாங்கிய மின்நூலை அவ்வாறு வக்ஃபு செய்ய இயலுமா? வக்ஃபு செய்பவர் பொருளின் உரிமையாளராக இருத்தல் வேண்டும். மின்நூல் வணிகத்தில் நாம் பெறுவதோ உரிமையன்று. வாசிக்கும் இசைவு மட்டுமே. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெலின் இரு நாவல்களை, உரிமையற்றவர் விற்றுவிட்டார் என்னும் காரணத்தால், வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. பின்னர் நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கோரினார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் யாவும் மறைந்தன. அப்போதும் பணம் திரும்பியது. பணம் திரும்பினால் போதும் என்பது வணிகரின் கணக்கு. ஓரத்தில் தாம் எழுதிய குறிப்புகளோடு நூலை மகனுக்கு விட்டுச் செல்லும் ஆலிமின் கணக்கு வேறு. கருவியை வேண்டுமானால் வக்ஃபு செய்யலாம். அதனுள் இருக்கும் நூல் ஒருவர் பெயரிலுள்ள கணக்கோடு கட்டப்பட்டுள்ளது. அவர் மௌத்தானால் அக்கணக்கு வாரிசுகளுக்குச் செல்லும் என்னும் உறுதி இல்லை. மீராஸுக்கும் வக்ஃபுக்கும் உட்படாத ஒரு பொருளை நூல் என்று அழைப்பதில் என் போன்ற ஃபிக்ஹு ஆசிரியனுக்குத் தயக்கமே.

ஆனால் இத்தடை விற்பனைக்குரிய புதிய நூல்களுக்கே பொருந்தும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த நூல் பொதுவுடைமை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் மறைந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவருடைய நூல்களையும் அக்காலத்துப் பிற அரபுத்தமிழ் நூல்களையும் யார் வேண்டுமானாலும் தட்டச்சிட்டு, எவரும் அழிக்க இயலாதவாறு பல இடங்களில் வைக்கலாம். உண்மையில் மின்வடிவ வக்ஃபு என்று ஒன்று இருக்குமானால் அது இதுவே. நடந்திருப்பதோ வேறு. ஆர்வலர் சிலர் நிழற்படம் எடுத்துக் கோப்புகளாக்கியுள்ளனர், அது நற்பணி, கரையானிடமிருந்து காத்தது. எனினும் நிழற்படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது. எழுத்தைப் பெரிதாக்கி ஒழுகவிட முடியாது. பார்வையற்றவருக்குக் கருவி அதை வாசித்துக் காட்டாது. அரபு எழுத்தைப் படிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருளிடம் கொடுத்தால், அது அரபுச் சொல்லை எதிர்பார்த்துத் தமிழ்ச் சொல்லின்முன் தடுமாறுகிறது. கூடுதல் புள்ளிகளைத் தாளின் கறையென்று கருதுகிறது. சீறாப்புராணம் கடந்த ஆற்றை, பாட்டிமார் அன்றாடம் வாசித்த தொழுகை நூல் கடக்கவில்லை.

அதைக் கடத்த மனிதர் வேண்டும். அரபு எழுத்தும் பழந்தமிழ் வழக்கும் ஒருங்கே அறிந்தவர் வேண்டும். இறுதியாண்டு மாணவர்க்குப் பயிற்சியாக அரபுத்தமிழ்ப் பக்கமொன்றைக் கொடுத்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதச் சொல்வதுண்டு. ஒரு பக்கத்திற்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. எழுத்து அவர்களுக்குத் தடையன்று. எகரத்திற்கும் ஒகரத்திற்கும் தனிக்குறி உண்டென்றாலும் காத்திப் அவசரத்தில் அதை விட்டுவிட்டு, இகர உகரத்திற்குரிய கஸ்ராவையும் ளம்மாவையுமே இட்டிருப்பார். ளம்மா இட்ட சொல்லை மாணவன் "குடுத்தான்" என்று எழுதுகிறான். பக்கத்திலிருப்பவன் "கொடுத்தான்" என்று திருத்துகிறான். குறி விடுபட்டதா, அல்லது நூலாசிரியர் வீட்டில் பேசியவாறே எழுதினாரா? "எலை" என்பதா, "இலை" என்பதா? இருவரும் என்னை நோக்குகின்றனர். நான் அதே நூலின் முன்பக்கங்களுக்குச் சென்று, அந்த ஆசிரியர் தனிக்குறியை வேறெங்கேனும் இட்டிருக்கிறாரா என்று தேடத் தொடங்குகிறேன். நிழற்படக் கோப்பில் தேடும் வசதி இல்லாமையால், ஏடு ஏடாகவே புரட்ட வேண்டியிருக்கிறது.